விதை சொல்லும் வம்சக் கதை: மக்காச்சோள ரகங்களை இனம் காணப் புரதச் சோதனை

திருவள்ளூர் மாவட்டத்தில் சம்பா அறுவடைக்குப் பின் நவரை நெல் நடப் போதிய நீர் இல்லாத நிலங்களுக்கு ஏற்ற மாற்றுப் பயிர்களுள் மக்காச்சோளமும் ஒன்று. நெல்லைவிடக் குறைந்த நீரில், குறைந்த ஆட்களைக் கொண்டு முடிக்கக்கூடிய பயிர் இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் நாற்று நடவும் களை பறிக்கவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆலையில் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் நிலத்தைக் கவனிப்போரும் உண்டு. மழைத் தண்ணீர் வடிந்த மேட்டு நிலத்தில் தைப் பட்டத்து மக்காச்சோளம் இத்தகையோருக்குக் கைகொடுக்கும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கடையில் வாங்கும் விதை, பையின் மேல் அச்சிட்டிருக்கும் ரகம்தானா? மக்காச்சோள விதைகளைக் கையில் அள்ளிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். நிறமும் பருமனும் ஒத்திருந்தாலும் குணம் வேறாக இருக்கலாம். ஏக்கருக்குச் சுமார் 8 கிலோ விதை தேவைப்படும். 60 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27,000 செடிகள் நிற்கும். விதையில் நூற்றுக்கு இருபது கலப்பாக இருந்தால் 5,400 செடிகள் வேற்றுச் செடிகளாகிவிடும். அது தெரிய வரும்போது உரமும் நீரும் உழைப்பும் செலவாகி இரண்டு மாதம் கடந்திருக்கும். பட்டம் போனபின் அதை மீட்க வழியில்லை.

ஆகவே விதைப்பதற்கு முன்பே விதையின் வம்சத்தை அறிய வேண்டியது அவசியமாகிறது. அதற்கு உதவும் முறைகளுள் ஒன்றுதான் விதைப் புரதச் சோதனை. ஒரு ரகத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறியவும், ரகங்களுக்கு இடையே உள்ள உறவின் நெருக்கத்தை அளந்தறியவும் இம்முறை பயன்படுகிறது.

விதைக்குள் இருப்பது என்ன?

ஒரு மக்காச்சோள மணியில் சுமார் எழுபது சதம் மாவுச் சத்தும், ஒன்பது அல்லது பத்து சதம் புரதமும், நான்கைந்து சதம் எண்ணெயும் உள்ளன. மணியின் பெரும்பகுதி, முளை வளர்வதற்கு உணவாகச் சேமித்து வைக்கப்பட்ட வெண்தசை. அடிப்பக்கத்தில் முளைக்கரு இருக்கிறது. வெண்தசையில் உள்ள புரதத்தில் முக்கியமானது 'ஜெயின்'. மணியின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி இதுவே. தண்ணீரில் கரையாமல் எழுபது சத ஆல்கஹாலில் கரைவது இதன் தனித்தன்மை. ஜான் கோரம் என்ற அமெரிக்கர் 1821-ஆம் ஆண்டிலேயே இதைப் பிரித்தெடுத்தார்.

ஜெயின் ஒரே புரதம் அன்று, ஒரு குடும்பம். பெரியதும் சிறியதுமாகப் பல உறுப்பினர் இதில் உண்டு. ஒவ்வொன்றையும் உண்டாக்கும் கட்டளை செடியின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. இக்குடும்பத்திற்கு மட்டும் பல மரபணுக்கள் இருப்பதால், ரகத்திற்கு ரகம் அவற்றில் வேறுபாடு காணப்படுகிறது. ஒரு ரகத்தில் இருக்கும் புரதம் மற்றொன்றில் இல்லாமல் போகலாம். அல்லது சற்றே மாறுபட்ட உருவில் இருக்கலாம். மனிதருக்குக் கைரேகை எப்படியோ, மக்காச்சோள ரகத்திற்குப் புரத வரிசை அப்படி எனலாம்.

இதில் மற்றொரு வசதியும் உண்டு. செடியின் உயரம், இலையின் அகலம், பூக்கும் நாள் ஆகியவை மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி மாறும். பொன்னேரி மணற்சாரி மண்ணில் ஒருவிதமாகவும், ஊத்துக்கோட்டைச் செம்மண்ணில் வேறுவிதமாகவும் ஒரே ரகம் தோன்றலாம். விதைப் புரதங்களின் வரிசையோ பெரும்பாலும் மாறுவதில்லை. தழைச்சத்தும் கந்தகமும் குறைந்தால் புரதத்தின் அளவு கூடலாம், குறையலாம். எந்தெந்தப் புரதம் இருக்கும் என்பதை மரபணுவே தீர்மானிக்கிறது.

பிரித்துப் பார்க்கும் முறை

புரதங்களைப் பிரிக்க 'எலக்ட்ரோபோரெசிஸ்' என்னும் மின்புல முறை கையாளப்படுகிறது. முதலில் ஒரு மணியைத் தனியாக எடுத்து இடித்து மாவாக்குகிறார்கள். எண்ணெயை நீக்கியபின் அம்மாவை ஆல்கஹால் கலந்த கரைசலில் ஊற வைத்தால் புரதம் கரைந்து வரும். சக்கையை நீக்கித் தெளிந்த சாற்றை, பலகைபோல் வார்க்கப்பட்ட ஒரு பசைத் தகட்டின் மேல்முனையில் உள்ள சிறு குழிகளில் இடுகிறார்கள். ஒரு குழிக்கு ஒரு மணியின் சாறு. பிறகு தகட்டின் இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் செலுத்தப்படுகிறது. மின்னேற்றம் பெற்ற புரதங்கள் எதிர்முனையை நோக்கி நகரத் தொடங்கும்.

அடர்ந்த வேலிகாத்தான் காட்டுக்குள் ஒரு மந்தையை ஓட்டினால் ஆட்டுக்குட்டி இடுக்கில் நுழைந்து வெகுதூரம் போய்விடும். எருமை பாதியிலேயே நின்றுவிடும். பசைத் தகடும் அத்தகைய காடுதான். சிறிய புரதங்கள் தொலைவு செல்லும். பெரியவை மேலேயே தங்கிவிடும். சோப்புப் போன்ற ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து, எல்லாப் புரதங்களுக்கும் ஒரே வகை மின்னேற்றம் கொடுத்து, பருமனை மட்டும் கொண்டு பிரிக்கும் முறையை லெம்லி என்ற விஞ்ஞானி 1970-இல் வெளியிட்டார். உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் இன்றளவும் அந்த முறையே பெரிதும் வழங்குகிறது.

புரதங்கள் கண்ணுக்குத் தெரியா. ஆகையால் ஓட்டம் முடிந்தபின் தகட்டை நீலச் சாயத்தில் ஊற வைக்கிறார்கள். கம்பளித் துணிக்குச் சாயமேற்றப் பிறந்த 'கூமாசி நீலம்' இதற்குப் பயன்படுகிறது. சாயம் புரதத்தைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு குழிக்கும் நேர் கீழே ஏணிப்படிகள்போல நீலப் பட்டைகள் தெரியும். இந்தப் பட்டைகளின் எண்ணிக்கையும் இடமும் அழுத்தமுமே அந்த மணியின் வம்ச அடையாளம்.

இவ்வேலை முழுவதும் இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும். விதையை வயலில் விதைத்து, பூக்கும்வரை காத்திருந்து இனத்தூய்மை பார்க்கும் வழக்கமான சோதனைக்கு இரண்டு மாதத்திற்கு மேல் ஆகும். அதற்குள் விற்பனைக் காலமே கடந்துவிடக்கூடும். மணியின் மேல்முனையில் ஒரு சிறு துண்டை மட்டும் செதுக்கிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, முளைக்கருவுள்ள மீதியை விதைத்துச் செடியாக்குவதும் இயலும்.

ஒட்டு விதையா, தாய் விதையா?

இன்று பெரும்பாலும் பயிரிடப்படுபவை வீரிய ஒட்டு ரகங்கள். தாய் என்றும் தந்தை என்றும் இரு தூய வரிசைகளைச் சேர்த்து இவை உண்டாக்கப்படுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட கோ.எச்.எம். 6 என்னும் ஒட்டு ரகத்திற்கு யு.எம்.ஐ. 1200, யு.எம்.ஐ. 1230 என்ற இரு வரிசைகள் பெற்றோராகும்.

விதை உற்பத்தி வயலில் நான்கு வரிசை தாய்ச் செடிக்கு இரண்டு வரிசை தந்தைச் செடி என்ற கணக்கில் நடுவது வழக்கம். தாய்ச் செடிகளின் உச்சியில் தோன்றும் ஆண் பூங்கொத்தை, மகரந்தம் உதிர்வதற்கு முன்பே ஒன்று விடாமல் பிடுங்கிவிட வேண்டும். ஒருநாள் தவறினாலும் தாய்ச் செடியின் மகரந்தம் தாய்க் கதிரிலேயே விழும். அதில் விளையும் மணி ஒட்டு விதை அன்று, தாயின் மறுபிறவி. அதை விதைத்தால் குட்டையான, வீரியமற்ற செடிதான் வரும். ஆனால் கதிரிலும் மூட்டையிலும் அதை ஒட்டு மணியிலிருந்து பிரிக்கக் கண்ணால் முடியாது.

புரதப் பட்டை இங்கேதான் கைகொடுக்கிறது. உண்மையான ஒட்டு மணியில் தாயின் பட்டைகளும் தந்தையின் பட்டைகளும் சேர்ந்து காணப்படும். தாய் மணியில் தந்தைக்கே உரிய பட்டை இராது. வேறு வயலிலிருந்து காற்றில் வந்த மகரந்தத்தால் உண்டான மணியாக இருந்தால் இருவரிடமும் இல்லாத புதுப் பட்டை தென்படக்கூடும். வெண்தசையில் தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று என்ற கணக்கு இருப்பதால் தாயின் பட்டைகள் சற்று அழுத்தமாகத் தெரியும். தந்தையின் பட்டை மெலிதாக இருக்கும். பழகிய கண் இதையும் கணக்கில் கொள்ளும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குவியலிலிருந்து 100 மணிகளைச் சோதித்ததில் 88 மணிகளில் இருவரின் பட்டைகளும் இருந்து, 12 மணிகளில் தாயின் பட்டைகள் மட்டும் இருந்தால், அக்குவியலின் தூய்மை 88 சதம். சான்று பெற்ற ஒட்டு மக்காச்சோள விதைக்கு 95 சதத் தூய்மை வேண்டும். அந்தக் குவியல் உழவரின் கைக்கு வருமுன்பே ஒதுக்கப்பட வேண்டியதாகும்.

சர்வதேச விதைப் பரிசோதனைச் சங்கம் மக்காச்சோளத்தில் ரகம் அறியவும் ஒட்டுத் தூய்மை காணவும் ஜெயின் புரதத்தை நுண்மையாகப் பிரிக்கும் ஒரு முறையைத் தன் விதிகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சொந்தம் எவ்வளவு நெருக்கம்?

பயிர்ப் பெருக்க விஞ்ஞானிகளுக்கு இம்முறை வேறொரு வகையிலும் உதவுகிறது. ஒட்டு வீரியம் கிடைக்க, பெற்றோர் இருவரும் நெருங்கிய சொந்தமாக இருக்கக்கூடாது. மக்காச்சோளத்தைத் தொடர்ந்து தன் மகரந்தத்தாலேயே சேர்த்து வந்தால் வம்சம் நலிகிறது என்பதையும், அப்படி நலிந்த இரு வரிசைகளை ஒன்றுசேர்த்தால் வீரியம் மீள்கிறது என்பதையும் ஜார்ஜ் ஷல் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1908-இல் எடுத்துக்காட்டினார். சொந்தத்தின் தூரத்தை அறிந்தால், எவற்றைச் சேர்த்துப் பார்ப்பது என்பதற்கு ஒரு வழி பிறக்கும்.

கணக்கு எளிதுதான். முதல் வரிசையில் 12 பட்டைகளும் இரண்டாவதில் 10 பட்டைகளும் உள்ளன, அவற்றுள் இரண்டிற்கும் பொதுவானவை 8 என்று வைத்துக்கொள்வோம். பொதுவானவற்றை இரட்டித்தால் 16. மொத்தப் பட்டைகள் 22. பதினாறை இருபத்திரண்டால் வகுத்தால் 0.73 கிடைக்கும். இதுவே ஒற்றுமை அளவு. முற்றிலும் ஒத்தவற்றுக்கு 1 என்றும், ஒரு பட்டைகூடப் பொதுவில் இல்லாதவற்றுக்கு 0 என்றும் வரும். இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கிட்டு, நெருங்கியவற்றை ஒரு கிளையிலும் தூரத்தவற்றை வேறு கிளையிலும் வைத்து வரைந்தால் ஒரு வம்சக் கொடி கிடைக்கும். ஆராய்ச்சி நிலையத்தில் நூற்றுக்கணக்கான வரிசைகளைக் காக்கும்போது, பெயர் வேறாக இருந்தும் உண்மையில் ஒன்றேயான வரிசைகள் எவை என்று ஐயுறவும் இக்கொடி உதவும்.

வேற்றுமை ஏன் வேண்டும்?

ஒரே சீரான பயிர் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் நாடு முழுவதும் ஒரே வம்சம் பரவினால் ஆபத்தும் சீராகவே வரும். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சான்று. ஆண் பூங்கொத்தைப் பிடுங்கும் செலவை மிச்சப்படுத்த, மகரந்தம் தராத 'டெக்சாஸ்' வகைத் தாய்ச் செடியைப் பெரும்பாலான விதை நிறுவனங்கள் பயன்படுத்தின. நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 சதம் அந்தத் தாயின் வழி வந்தது. இலைக்கருகல் பூசணத்தின் ஒரு புதிய வகை அந்தத் தாய்வழியை மட்டும் குறிவைத்துத் தாக்கியது. ஒரே பருவத்தில் நாட்டின் விளைச்சலில் சுமார் 15 சதம் அழிந்தது.

வேற்றுமையின் பயனை அறியத் திருவள்ளூர் உழவர்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை. இம்மாவட்டத்துத் திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜி.இ.பி. 24, கோ 18 ஆகிய இரு நெல் ரகங்களைச் சேர்த்து டி.கே.எம். 6 உருவாக்கப்பட்டது. திரூர்க்குப்பத்தின் சுருக்கமே டி.கே.எம். 1960-களில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தண்டுத் துளைப்பானை எதிர்க்கும் ரகங்களைத் தேடியபோது, இந்தத் திரூர் நெல்லிடம் அந்தக் குணம் இருப்பது தெரிந்தது. அதைப் பெற்றோராகக் கொண்டு பிறந்ததே 1969-இல் வெளியான ஐ.ஆர். 20. தமிழ்நாட்டு வயல்களில் அது பரவியதை மூத்த உழவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பழைய விதை பயனற்றது என்று கைவிடப்பட்டிருந்தால் அக்குணமும் அதனோடு போயிருக்கும்.

மக்காச்சோளத்திற்கும் இதே நியாயம் பொருந்தும். மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப் புல் ஒன்றிலிருந்து மனிதன் பழக்கியெடுத்த இப்பயிர், உலகெங்கும் பரவி எண்ணற்ற நாட்டு வகைகளாகக் கிளைத்தது. நம் நாட்டிலும் சிக்கிம் மலைகளில் ஒரே செடியில் பல கதிர் விடும் பழைய வகை உண்டு. மீஞ்சூர்ப் பக்கத்தில் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்ந்த வயல்களில் தண்ணீர் தேங்குகிறது. மக்காச்சோளம் இவ்விரண்டையும் தாங்காது. உப்பையும் நீர்த்தேக்கத்தையும் அடிச்சாம்பல் நோயையும் 2018 முதல் நம் நாட்டில் பரவிய படைப்புழுவையும் தாங்கும் குணங்களை, சேமித்து வைத்த வகைகளுக்குள்தான் தேட வேண்டும். எவை ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்று தெரிந்தால் தேடும் வேலை எளிதாகும்.

சத்துக்கும் இதே சோதனை

ஜெயின் புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் என்ற இரு முக்கியச் சத்துகள் மிகக் குறைவு. மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி உண்பவருக்கும் கோழிக்கும் இது ஒரு குறை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 'ஒபேக்-2' என்ற மரபணு மாற்றம் உள்ள மணியில் ஜெயின் குறைந்து லைசின் ஏறத்தாழ இரட்டிப்பாவதை 1964-இல் கண்டனர். இதைக் கொண்டு இந்தியாவில் 1970-களின் தொடக்கத்தில் சக்தி, ரத்தன், புரோட்டினா என்ற கலப்பு ரகங்கள் வெளியாயின. ஆனால் மணி மென்மையாக இருந்ததால் வண்டு எளிதில் துளைத்தது, எடையும் குறைந்தது. இக்குறையைப் பல ஆண்டு உழைப்பால் நீக்கிய இந்திய விஞ்ஞானி சுரிந்தர் வாசலும், மெக்சிகோவைச் சேர்ந்த இவாஞ்சலினா விலேகாஸ் அம்மையாரும் 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றனர். நல்ல புரதமுள்ள இந்த வகைகளின் பட்டை வரிசையும் சாதாரண மக்காச்சோளத்திலிருந்து வேறுபட்டிருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

முறையின் எல்லை

எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. புரதப் பட்டை ரகத்தின் அடையாளத்தைச் சொல்லும்; ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று சொல்லாது. நெருங்கிய சொந்தமான இரு வரிசைகள் ஒரே பட்டை வரிசையைக் காட்டக்கூடும். விதைப் புரதம் சில மரபணுக்களையே பிரதிபலிக்கிறது. செடியின் மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்களைப் பற்றி அது மௌனம் சாதிக்கும். தூரத்துச் சொந்தமான இருவரைச் சேர்த்தால் வீரியம் உறுதி என்றும் கூறிவிட முடியாது. வயலில் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

1970-இல் அமெரிக்கப் பயிரை வீழ்த்திய குறைபாட்டையும் ஜெயின் பட்டை காட்டியிருக்காது. அந்தக் குறை, செல்லுக்குள் தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில் இருந்தது. ஜெயினுக்கான கட்டளையோ செல்லின் உட்கருவில் இருக்கிறது. பட்டைகள் பலவிதமாகத் தெரிந்த அதே பயிரில், தாய்வழி ஒன்றாகவே இருந்தது. ஒரு சோதனையில் வேற்றுமை தெரிகிறது என்று எல்லாவற்றிலும் வேற்றுமை இருப்பதாக நம்பிவிடக்கூடாது என்பதே அந்த ஆண்டு கற்பித்த பாடம்.

இக்காரணங்களால் இன்று மரபணுவையே நேரடியாகப் படிக்கும் டி.என்.ஏ. சோதனை முன்னணிக்கு வந்துவிட்டது. எனினும் செலவு குறைவு, முறை எளிது என்பதால் புரதச் சோதனை தன் இடத்தை முற்றிலும் இழந்துவிடவில்லை. வயல் சோதனை, புரதச் சோதனை, டி.என்.ஏ. சோதனை மூன்றும் ஒன்றுக்கொன்று துணை.

உழவர் கவனத்திற்கு

ஆய்வுக்கூடம் எவ்வளவு திறமையாக இயங்கினாலும் உழவரின் கவனம் இன்றிப் பயன் இல்லை. கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

சான்று பெற்ற விதைக்கு நீல அட்டையும், உற்பத்தியாளரே தரம் கூறி விற்கும் விதைக்குப் பச்சை அட்டையும் இருக்கும். அட்டையில் ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத் திறன், சோதனை நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

ரசீது கேட்டுப் பெற வேண்டும். அதில் ரகமும் குவியல் எண்ணும் எழுதப்பட்டிருப்பது அவசியம்.

விதைத்து முடிந்ததும் பையையும் அட்டையையும் எறிந்துவிடக்கூடாது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் சிறிது விதையை உலர்ந்த டப்பாவில் போட்டு அறுவடைவரை வைத்திருக்க வேண்டும். பிற்பாடு ஐயம் எழுந்தால் சோதித்துப் பார்க்க இதுவே ஆதாரம்.

செடிகள் பூக்கும் தறுவாயில் வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்க்க வேண்டும். குட்டையான, மெலிந்த, வேறு நாளில் பூக்கும் செடிகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் உடனே விதை ஆய்வாளருக்கோ வேளாண்மை உதவி இயக்குநருக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் விதை மாதிரி எடுக்கவும் சோதிக்கவும் வழி செய்கிறது. அறுவடைக்குப் பின் சொன்னால் வயலில் காட்ட ஒன்றும் இராது.

ஒட்டு ரகத்தில் விளைந்த மணியை அடுத்த பட்டத்திற்கு விதையாக எடுத்து வைக்கக்கூடாது. தாயும் தந்தையும் சேர்ந்த வீரியம் அடுத்த தலைமுறையில் சிதறிவிடும், செடிகள் பலவிதமாக நிற்கும், விளைச்சல் குறையும்.

யாரிடமேனும் தலைமுறையாக வந்த நாட்டு மக்காச்சோளமோ நாட்டு நெல்லோ இருந்தால், விளைச்சல் குறைவு என்று கைவிட்டுவிடாமல் ஒரு மூலையிலாவது பயிரிட்டு வர வேண்டும். அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திற்கோ திரூர் ஆராய்ச்சி நிலையத்திற்கோ தகவல் கொடுத்தால் அது பாதுகாக்கப்பட வழி உண்டு.

தொழிற்சாலைகளும் வீட்டு மனைகளும் நெருங்கி வரும் இப்பகுதியில் எஞ்சியிருப்பது சில ஏக்கர் நிலமே. அதில் ஊன்றும் ஒவ்வொரு விதையும் தவறாமல் பலன் தர வேண்டும். பையின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றே என்ற உறுதியைக் கேட்டுப் பெறுவது உழவரின் உரிமை. அதைச் சோதித்து அளிப்பது விதை கொடுப்போரின் கடமை.